நகல் மனிதனுக்கு எப்பெயர் சூட்டுவோம்?

மாதுங்காவில் ஒரு கல்லூரியில் உயிரியல் பயிலும் என் மகள், சென்ற மழைக்காலத்து மாலையொன்றில், தேநீர்க் கோப்பையோடு என் எதிரே வந்தமர்ந்து ஒரு வினா எழுப்பினாள். ஒரு மனிதரின் உடலணு ஒன்றைக் கொண்டு அவரைப் போலவே மற்றொருவரை உண்டாக்கிவிட்டால், புதிதாக வந்தவரைத் தமிழில் 'அவர்' என்பதா, 'அது' என்பதா என்பதே அவ்வினா.

இருபது ஆண்டுகளாக மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளைக் கட்டியும் அவிழ்த்தும் காலங்கழிக்கும் குமாஸ்தாவாகிய எனக்கு, எந்த வினா வந்தாலும் முதலில் தோன்றுவது, இதற்கு முன்மாதிரி ஏதேனும் உண்டா என்பதுதான். முன்மாதிரி இல்லாத கோப்பைத் தொட எந்தக் குமாஸ்தாவும் அஞ்சுவான். ஆகவே முன்மாதிரி தேடிப் புறப்பட்டேன். தேடியதில் ஓர் ஆட்டுக்குட்டியும், ஓர் எருமைக்கன்றும், ஒரு வாழைக்கன்றும் கிடைத்தன. அவற்றோடு, நம் பாட்டன்மார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு மடித்துக் கொண்டுவந்த பழைய காகிதங்கள் சிலவும் கிடைத்தன. விளையாட்டாகத் தொடங்கிய ஆராய்ச்சி விளையாட்டாகவே முடியவில்லை என்பதை இப்பொழுதே சொல்லிவைக்கிறேன்.

ஆடும் எருமையும்

1996 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5 ஆம் நாள், ஸ்காத்லாந்தில் எடின்பரோ நகருக்கு அருகிலுள்ள ராஸ்லின் ஆய்வகத்தில் ஒரு பெண் ஆட்டுக்குட்டி பிறந்தது. அதற்குத் தந்தை இல்லை. ஆறு வயது நிரம்பிய ஓர் ஆட்டின் மடியிலிருந்து எடுத்த உயிரணுவின் கருவை, வேறோர் ஆட்டின் கரு நீக்கப்பட்ட முட்டையில் இட்டு, மூன்றாவதோர் ஆட்டின் வயிற்றில் வளர்த்தார்கள். 277 முறை இவ்வாறு முட்டையும் அணுவும் இணைக்கப்பட்டதில் தப்பிப் பிழைத்தது இந்த ஒன்றுதான். மடியணுவிலிருந்து வந்தமையால், டாலி பார்ட்டன் என்னும் அமெரிக்கப் பாடகியின் பெயரை விளையாட்டாக அதற்குச் சூட்டினார்கள். முதல் நகல் பிறந்தபோதே பெயரில் ஒரு கேலி ஒட்டிக்கொண்டதை அன்பர்கள் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். டாலி 2003 பிப்ரவரி 14 இல் மடிந்தது.

நம் நாடும் பின்தங்கிவிடவில்லை. அரியானா மாநிலத்துக் கர்னாலில் உள்ள தேசியப் பால்வள ஆய்வு நிலையத்தில் 2009 பிப்ரவரியில் ஓர் எருமைக்கன்று நகலாகப் பிறந்து சில நாளிலேயே இறந்தது. அதே ஆண்டு ஜூனில் பிறந்த அடுத்த கன்றுக்குக் 'கரிமா' என்று பெயரிட்டார்கள். பெருமை என்பது அதன் பொருள். 2012 இல் காசுமீரத்தில் பஷ்மினா ஆடு ஒன்று நகலாகப் பிறந்து, 'நூரி' எனப் பெயர் பெற்றது. 2018 இல் சீனர்கள் இரு குரங்குக்குட்டிகளை இம்முறையில் பிறப்பித்ததாக அறிவித்தார்கள். குரங்குக்கு அடுத்தவர் யார் என்பதை நான் சொல்லவேண்டுவதில்லை.

ஆயினும் மனிதன் இன்னும் நகலெடுக்கப்படவில்லை. 2002 டிசம்பரில் ஒரு கூட்டத்தார் 'ஏவாள்' என்னும் நகற்குழந்தை பிறந்துவிட்டதாக முழங்கினார்கள். சான்று கேட்டபோது வாய்மூடிப் போனார்கள். 2005 இல் ஐக்கிய நாடுகள் பேரவை மனித நகலாக்கத்தைத் தடுக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைகளும் அதற்கு இடந்தரவில்லை. எனவே நம் நகல் மனிதர் இன்னும் பிறவாதவர். பிறவாத பிள்ளைக்குப் பெயர் தேடுவது நகைப்பிற்குரியதுதான்; ஆனால் கருவுற்ற நாள் முதல் பெயர் தேடத் தொடங்குவது நம் குடும்ப வழக்கமன்றோ!

இங்கே ஒரு பெயரை நன்றியோடு நினைக்க வேண்டும். தாவர நூலார் வழங்கிவந்த 'குளோன்' என்னும் சொல்லை மனிதரைப் பற்றிய பேச்சிற்குக் கொண்டுவந்து பரப்பியவர் ஜே.பி.எஸ். ஹால்டேன் என்னும் பேரறிஞர். இங்கிலாந்தில் பிறந்த இவர், 1957 இல் இந்தியாவுக்கு வந்து, குடியுரிமையும் பெற்று, 1964 டிசம்பரில் புவனேசுவரத்தில் காலமானார். தம் உடலைக் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு எழுதிவைத்தார். 1963 இல் அச்சான ஓர் உரையில், சிறந்த மனிதர்களைப் படியெடுப்பதானால் ஐம்பது வயதைத் தாண்டியவர்களையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கருத்தை அவர் சொன்னார். ஒருவன் தேறுவானா என்பது ஐம்பது வயதில்தானே தெரியும்! நாற்பதுகளில் இருக்கும் எனக்கு இன்னும் சில ஆண்டு அவகாசம் இருக்கிறது என்பதில் ஓர் ஆறுதல்.

வாழையடி வாழை

'குளோன்' என்பது கிரேக்க மொழியில் சிறுகிளையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கிளையை ஒடித்து நட்டால் தாய்மரத்தின் படியே மற்றொரு மரம் முளைக்கும். இதனைக் கிரேக்கர் சொல்லித்தான் தமிழர் அறிய வேண்டுமா? தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பம் தழைப்பதை 'வாழையடி வாழையாக' என்று நாம் வாழ்த்துகிறோம். நாம் உண்ணும் வாழைக்கு விதையில்லை. அடியில் முளைக்கும் பக்கக்கன்றைப் பெயர்த்து நட்டே அதனை வளர்க்கிறோம். ஆகவே ஒவ்வொரு கன்றும் தாயின் அச்சு அசலான நகல். மாதுங்கா மார்க்கெட்டில் தொங்கும் வாழைத்தார் ஒவ்வொன்றும் ஒரு நகலாக்கக் கண்காட்சி. டாலிக்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதன் இவ்வித்தையைத் தன் தோட்டத்தில் செய்துகாட்டிவிட்டான்.

ஆனால் வாழைக்கு ஒரு குறையும் உண்டு. எல்லாம் ஒன்றே போல் இருத்தலின், ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும். உலகச் சந்தையை ஆண்டுவந்த 'குரோ மிஷெல்' என்னும் வாழையினம், பனாமா வாடல் நோயால் 1950-களில் தோட்டந்தோட்டமாக அழிந்து, வணிகத்திலிருந்தே மறைந்தது. ஒன்றுபோல் இருப்பது வலிமையன்று. நோய்க்கு அது திறந்த வாயில். இச்செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

போலியும் படியும்

இனிப் பெயருக்கு வருவோம். நூல்களில் 'நகலாக்கம்' என்றும் 'படியாக்கம்' என்றும் எழுதுகிறார்கள். 'நகல்' என்றால் எனக்கு அலுவலகத்து ஜெராக்ஸ் இயந்திரமே நினைவிற்கு வருகிறது. எங்கள் உலகில் நகலுக்குத் தனியாக மதிப்பில்லை. 'உண்மை நகல்' என்று ஒரு கெசட்டட் அதிகாரி பச்சை மையில் ஒப்பமிட்டால்தான் அதற்கு உயிர். 2014 முதல் மத்திய அரசு இவ்விதியைத் தளர்த்தி, உரியவரே கையொப்பமிட்டால் போதும் என்றது. இனி நகல் மனிதர் வந்தால், தம்மைத் தாமே உண்மை நகல் எனச் சான்றளித்துக்கொள்ளலாம். அப்படியானால் அசல் மனிதருக்கு யார் சான்றளிப்பது என்பது அடுத்த சிக்கல்.

'போலி' என்றால் என்ன என்று பார்த்தேன். கடைத்தெருவில் இது வசைச்சொல். இலக்கணத்திலோ மதிப்பிற்குரிய சொல். 'பந்தல்' என்பது 'பந்தர்' என்று நின்றால் கடைப்போலி. 'ஐந்து' என்பது 'அஞ்சு' என்று முழுவதும் மாறி நின்றாலும் பொருள் மாறாமையால் முற்றுப்போலி. எழுத்து மாறியும் பொருள் மாறாதது இலக்கணப் போலி. எழுத்து மாறாமல் பொருள் மாறிவிடுவது மனிதப் போலி. நகல் மனிதர் உடலெழுத்தெல்லாம் ஒன்றாக இருந்தும் உள்ளத்தால் வேறானவர். ஒரு கருவில் இரட்டையராய்ப் பிறந்தோர் இருவர் ஒருவராவதில்லை என்பதை நம் தெருவிலேயே காண்கிறோம். எனவே இலக்கணத்தாராலும் அவரைப் போலி எனச் சொல்ல இயலாது.

அடுத்து, திணை. மக்கள், தேவர், நரகர் ஆகிய முத்திறத்தாரும் உயர்திணை என்பது நன்னூலார் துணிபு. நரகத்தில் கிடப்பவனுக்கும் உயர்திணை மறுக்காத பெருந்தகைமை அது. எவ்வழியில் பிறந்தவர் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் இடர்ப்பாடு அவருக்கே வந்திருக்கும். ஏனெனில் தமிழுக்கு முதல் இலக்கணம் செய்தவராக மரபு போற்றும் அகத்தியர், குடத்தில் தோன்றிய குடமுனிவர். குடத்தில் பிறந்தவரை 'அது' என்று சொல்லத் துணிந்த தமிழ்ப் புலவர் எவருமில்லை. ஆக, என் மகளின் வினாவிற்கு இலக்கண விடை கிடைத்துவிட்டது: 'அவர்' என்க.

விடை கிடைத்தபின் கோப்பை மூடியிருக்கலாம். ஆனால் உயர்திணையில் சேர்த்துவிட்டதால் மட்டும் ஒருவருக்கு மதிப்பு வந்துவிடுகிறதா என்னும் வேறொரு வினா அப்பொழுது எழுந்தது.

தகுதி வழக்கு

உள்ளதை உள்ளவாறு சொல்லாமல், அவைக்கு ஏற்பத் தகுதியான சொல்லால் சொல்லுவதைத் தகுதி வழக்கு என்பர் இலக்கணிகள். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என அது மூவகைப்படும். 'செத்தார்' என்னாமல் 'துஞ்சினார்' என்பதும், 'சுடுகாடு' என்னாமல் 'நன்காடு' என்பதும் மங்கலம். மேனாட்டார் சென்ற நூற்றாண்டின் இறுதியில்தான், யாரையும் புண்படுத்தாத சொற்களையே வழங்க வேண்டும் என்று பெரும் விவாதம் தொடங்கினர். நாம் அதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே சூத்திரம் வகுத்துவிட்டோம்.

ஆனால் மங்கல வழக்கிற்கும் வாழைக்குப் போல ஒரு குறையுண்டு. சுடுகாட்டை நன்காடு என்றதால் அங்குப் போனவர் திரும்பி வருவதில்லை. 'விதவை' என்னும் சொல்லில் எழுத்துக்குக்கூடப் பொட்டில்லை, 'கைம்பெண்' என்றாலோ இரண்டு பொட்டு உண்டு என்று தமிழ் மேடைகளில் நயமாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். நயம் இனியதே. எழுத்திற்கு இட்ட பொட்டை அவள் நெற்றிக்கும் இடத் துணிந்த வீட்டில்தான் அந்நயத்திற்குப் பொருளும் உண்டு.

என் உத்தியோகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். என் தந்தையார் காலத்தில் இது குமாஸ்தா வேலை, பின்னர்க் கிளார்க், தமிழில் எழுத்தர். இப்பொழுது தேர்வு விளம்பரங்களில் இளநிலைச் செயலக உதவியாளர் என்றும் காணப்படுகிறது. பியூன் என்று அழைக்கப்பட்டவர், ஆறாவது ஊதியக் குழுவிற்குப்பின் பல்பணியாளர் ஆனார். பல பணிகளை அவர் முன்பும் செய்துகொண்டுதான் இருந்தார். பெயர்தான் அவரை எட்டிப்பிடிக்கக் காலம் பிடித்தது. எனக்குச் சம்பளம் தரும் அரசும் இதற்கு விலக்கன்று. 2021 முதல் தமிழகத்தில் ஆட்சியாளர் அதனை 'ஒன்றிய அரசு' என்கிறார்கள். எவ்வாறு அழைத்தாலும் சம்பளம் மாதக் கடைசியில்தான் வருகிறது.

பெயர் வைத்தவர் யார்?

இனிச் சிரிப்பைச் சற்றே ஒதுக்கிவைத்து, பழைய காகிதங்களைப் பிரிப்போம்.

என் பாட்டனார் தாராவியில் தோல் பதனிடும் கூடமொன்றில் வேலை செய்தவர். திருநெல்வேலியிலிருந்து வந்து அக்கூடங்களில் உழைத்த எண்ணற்ற தமிழருள் அவரும் ஒருவர். அவர் விட்டுச்சென்ற தகரப்பெட்டியில் எங்கள் குடும்பத்துக் காகிதங்கள் மூன்று இருந்தன. ஊர்ப் பள்ளிச் சான்றில் 'ஆதி திராவிடர்' என்றிருந்தது. பம்பாயில் யாரோ எழுதிக்கொடுத்த ஒரு சான்றில் 'ஹரிஜன்' என்றிருந்தது. என் தந்தையார் பெயருக்குரிய சான்றில் 'ஷெட்யூல்டு காஸ்ட்' என்றிருந்தது. ஒரே குடும்பம், ஒரே இரத்தம், மூன்று பெயர். நகலாக்கத்தில் ஒரே உடல் பலவாகும். இங்கே ஒரே உடலுக்குப் பெயர் பலவாயின. இம்மூன்று பெயருக்கும் பின்னே நீண்ட வரலாறு இருக்கிறது.

1893 இல் இரட்டைமலை சீனிவாசனார் சென்னையில் ஓர் இதழ் தொடங்கி அதற்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். எப்பெயரால் இழிவுபடுத்தினார்களோ அப்பெயரையே தலைநிமிர்ந்து தாங்கினாலன்றி விடுதலையில்லை என்பது அவர் கருத்து. அயோத்திதாசப் பண்டிதர் வேறு வழி சென்றார். எம்மக்கள் சாதியற்ற திராவிடர், அவர்களே பூர்வத் தமிழர் என்று வாதிட்டு, 1907 இல் தாம் தொடங்கிய இதழை 'ஒரு பைசாத் தமிழன்' என்றழைத்தார். எம்.சி. ராஜா சட்டமன்றத்து வழியை நாடினார். 1922 இல் சென்னைச் சட்டசபையில் அவர் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக, அரசாங்கக் காகிதங்களில் பழைய இழிபெயர்கள் நீங்கி, 'ஆதி திராவிடர்' என்னும் பெயர் ஏறிற்று. மூவரும் வெவ்வேறு பெயரைத் தேர்ந்தனர். ஆயினும் மூவரிடத்தும் ஒன்று பொது: எம் பெயரை யாமே தேர்வோம் என்னும் உறுதி.

வெள்ளையர் அரசோ தன் வசதிக்கேற்ப ஒடுக்கப்பட்ட வகுப்பார் என்றது. 1931 குடிக்கணக்கின்போது ஹட்டன் என்னும் ஆணையர் 'புறத்துச் சாதிகள்' என்றார். 1935 ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் 'அட்டவணைச் சாதிகள்' என்றது. அட்டவணையில் இடம்பெறுவதே ஒரு பெயராகிவிட்ட விந்தையைக் குமாஸ்தாக்களால்தான் முழுதும் சுவைக்க முடியும்.

1932 இல் காந்தியடிகள் 'ஹரிஜன்', அதாவது இறைவனின் மக்கள், என்னும் பெயரை வழங்கத் தொடங்கினார். 1933 பிப்ரவரியில் அப்பெயராலேயே பூனாவிலிருந்து வார இதழும் வெளிவந்தது. அவர் உள்ளத்தின் தூய்மையை ஐயுறுவதற்கில்லை. ஆயினும் பெயர் பெற்றவர்கள் என்ன நினைத்தார்கள்? அதற்கான விடை நாம் வாழும் இந்நகரத்திலேயே கிடைத்தது. 1938 ஜனவரியில் பம்பாய்ச் சட்டசபையில், உள்ளாட்சிக் கழகச் சட்டத் திருத்தமொன்றில் அட்டவணைச் சாதியாரை 'ஹரிஜன்' எனக் குறிக்கும் முயற்சி நடந்தது. டாக்டர் அம்பேத்கரும் அவர்தம் கட்சியினரும் அதனை எதிர்த்தனர். இவர்கள் இறைவனின் மக்கள் என்றால் மற்றையோர் யாருடைய மக்கள் என்னும் பொருள்படப் பாவுராவ் கெய்க்வாட் வினவினார். தம்மைப் பற்றிய பெயரில் தம் சொல் ஏறவில்லை என்று கண்டதும், அம்பேத்கர் தம் தோழர்களோடு அவையைவிட்டு வெளியேறினார்.

இனிய பெயர்தானே, ஏன் வெளியேற வேண்டும் என்று இளமையில் நான் எண்ணியதுண்டு. இப்பொழுது விளங்குகிறது. அது மங்கல வழக்கு. நிலைமையை மாற்றாமல் நிலைமையின் பெயரை மட்டும் மாற்றினால், சின்னாளில் புதுப்பெயரிலும் பழைய அழுக்கு வந்து படிகிறது. அவ்வாறே படிந்தது. 1982 இல் மத்திய உள்துறை அமைச்சகம், சாதிச் சான்றிதழில் 'ஹரிஜன்' என்று எழுதலாகாது என மாநிலங்களுக்கு எழுத நேர்ந்தது. இதற்கிடையில் 1972 இல் இதே பம்பாயில் நாம்தேவ் தசாள் முதலிய இளைஞர்கள் 'தலித் பேந்தர்' இயக்கம் கண்டு, நொறுக்கப்பட்டவர் எனப் பொருள்படும் 'தலித்' என்னும் சொல்லைப் பெருமையோடு சூடிக்கொண்டனர். மங்கலம் வேண்டாம், உண்மை வேண்டும் என்றது அச்சொல். 2018 இல் அச்சொல்லையும் தவிர்க்குமாறு தனியார் தொலைக்காட்சிகளுக்குத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அறிவுரை அனுப்பிற்று. பிறர் தந்த பெயர் போகக் காலம் பிடித்தது. தாமே எடுத்த பெயருக்கும் தடை வரக் காண்கிறோம்.

ஓர் உடல், இரு நிலை

பம்பாய்த் தமிழர்க்கே உரிய வேறொரு விந்தையும் உண்டு. 1950 இல் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அட்டவணைச் சாதிகளின் பட்டியல் மாநிலந்தோறும் தனித்தனியே வகுக்கப்பட்டது. ஒரு மாநிலத்தில் பட்டியலுக்குரியவர், பிழைப்பு நாடி வேறு மாநிலம் சென்றால், அங்கே அம்மாநிலத்துச் சலுகைக்கு உரியவராகார். ஆந்திரத்திலிருந்து பம்பாய்க்கு வந்த பழங்குடி வகுப்பு மாணவர் ஒருவர், இங்குள்ள மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீட்டு இடம் கோரிய வழக்கில், 1990 இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு ஆயம் இவ்வாறே தீர்ப்பளித்தது. இரு மாநிலப் பட்டியலிலும் அதே பெயர் இருந்தாலும் இவ்விதியே பொருந்தும் என 1994 இல் மற்றொரு தீர்ப்பு உறுதிசெய்தது. ஓரிடத்தில் பட்ட இடரை வேறிடத்தில் பட்டதாகக் கொள்ளலாகாது என்பது நீதிமன்றம் கண்ட நியாயம். ஆனால் ரயிலேறும்போது இழிவு மட்டும் ஊரிலேயே இறங்கிக்கொள்வதில்லை என்பது தாராவியில் பிறந்தவர்கள் கண்ட அனுபவம்.

மத்திய அரசுப் பணிக்கோ இந்த எல்லைக்கோடு இல்லை. தந்தையார் ஊரின் சான்றைக் கொண்டு மகன் சான்று பெறலாம். அவ்வழியில்தான் நான் இம்மேசைக்கு வந்து சேர்ந்தேன். ஆகவே அலுவலகத்தில் நான் பட்டியலுக்குள் இருப்பவன். அதே நகரில் மாநிலக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் என் மகள் பட்டியலுக்கு வெளியே நிற்பவள். அறிவியலார் ஒருவரை இருவராக்க இன்னும் முயன்றுகொண்டிருக்கிறார்கள். காகிதம் அதனை என்றோ செய்து முடித்துவிட்டது.

பெயர் மாறும், படிக்கட்டு மாறுமா?

அப்படியானால் பெயர் மாற்றமெல்லாம் வீணா? அவ்வாறும் சொல்லத் துணியேன். 2010 இல் தமிழக அரசு 'ஊனமுற்றோர்' என்னும் சொல்லை நீக்கி 'மாற்றுத்திறனாளிகள்' என்னும் பெயரை ஆட்சிமொழியில் ஏற்றது. செம்பூரில் எங்கள் கட்டடத்தில், சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தால் கால் பாதிக்கப்பட்ட ஒரு தமிழ் அன்பர் வாழ்கிறார். இப்பெயரைப் பற்றி அவரைக் கேட்டேன். "தம்பி, பேரு மாறின பொறகு ஊர்ப்பக்கம் போனா நொண்டின்னு கூப்புடுறது கொறஞ்சிருக்கு. அது நெசம். ரயில்வே படிக்கட்டு மட்டும் ஒண்ணும் கொறயல" என்றார். பெயரின் ஆற்றலையும் எல்லையையும் இதைவிடச் சுருக்கமாக எந்த நூலும் எனக்குச் சொன்னதில்லை.

நமக்கும் இந்நகரில் ஒரு பெயருண்டு: 'மதராசி'. 1956 இல் சங்கரலிங்கனார் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார். அவர் வேண்டியவற்றுள் ஒன்றான 'தமிழ்நாடு' என்னும் பெயர் 1969 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 1995 இல் பம்பாய் மும்பையாயிற்று. 1996 இல் மதராஸ் சென்னையாயிற்று. மதராஸ் என்னும் ஊரும் இல்லை, மதராஸ் என்னும் மாநிலமும் இல்லை. மதராசி மட்டும் இன்னும் இருக்கிறான்! மறுபுறம், நாம் மதிப்போடு வழங்கும் 'அண்ணா' என்னும் சொல், இந்நகரில் ஒருவர் வாயில் அன்பாகவும் மற்றொருவர் வாயில் கேலியாகவும் ஒலிக்கிறது. சொல் ஒன்றே, சொல்லும் நெஞ்சுதான் வேறு.

குலக்கல்வி என்னும் படியாக்கம்

வாழையடியில் நாம் மனத்தில் இருத்திய செய்திக்கு இப்பொழுது திரும்புவோம். மனித நகலாக்கம் இன்னும் நிகழவில்லை என்று மேலே எழுதினேன். உடலால் நிகழவில்லை என்பது உண்மை. ஆனால் தோல் பதனிடுவோன் மகன் தோலையே பதனிடவும், குப்பை அள்ளுவோன் மகன் குப்பையையே அள்ளவும் வேண்டும் என்று வகுத்த சமுதாயம், ஆய்வகம் இல்லாமலே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதரைப் படியெடுத்து வந்திருக்கிறது. தந்தையின் அச்சிலேயே மகன். அவன் அச்சிலேயே பேரன். சாதி என்பது சமுதாயம் நடத்திய நகலாக்கம்.

1953 இல் சென்னை மாநிலத்தில் முதலமைச்சர் இராஜாஜி ஒரு தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கவேண்டும் என்பது அதன் சாரம். இடப்பற்றாக்குறை உள்ள பள்ளிகளில் இருமுறை வகுப்பு நடத்தி மிகுதியான பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் கூறிய காரணம். 'திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம்' என்பது அரசு வைத்த பெயர். எதிர்த்தவர்கள் அதற்குக் 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயரிட்டார்கள். மங்கலச் சொல்லுக்குள் மறைந்திருந்த பொருளை அவ்வொரு சொல் வெளியே இழுத்துப் போட்டது. 1954 இல் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். பெயர் வைப்பவர் கையில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

நம் பாட்டன்மார் பம்பாய்க்கு ரயிலேறியதை வெறும் பிழைப்புத் தேடல் என்று எழுதுவோர் உளர். படியெடுக்கும் அச்சிலிருந்து தப்பியோடிய பயணம் அது என்று நான் எழுதுவேன். தாராவியிலும் அவருக்குக் கிடைத்தது தோல் வேலையே. ஆனால் தம் மகனைத் தோல் கூடத்துக்கு அனுப்ப அவர் மறுத்தார். நகராட்சிப் பள்ளிக்கு அனுப்பினார். அந்த மறுப்பில்தான் வாழைக்கன்று முதன்முறையாக விதையிலிருந்து முளைத்த செடியாயிற்று.

அவரையே கேட்போம்

நளன் கதையை நாமறிவோம். தமயந்தியின் சுயம்வரத்தில் தேவர் நால்வர் நளன் உருவிலேயே வந்தமர்ந்தார்கள். ஐந்து நளருள் உண்மை நளனை அவள் எப்படிக் கண்டாள்? கண் இமைத்தவனை, மாலை வாடியவனை, கால் நிலத்தில் பாவியவனைக் கண்டு மாலையிட்டாள். மனிதனை மனிதனென்று காட்டியது அவன் அழகன்று; அவன் வாட்டமும் வியர்வையும் நிலத்தில் பதிந்த காலும்தான். நாளை ஒருவேளை நகல் மனிதர் வந்தாலும், அவர் கண்ணும் இமைக்கும். அவர் மாலையும் வாடும். தாராவிச் சந்தில் நடந்தால் அவர் காலிலும் சேறு படும்.

இவற்றையெல்லாம் தொகுத்து என் மகளிடம் சொன்னேன். இலக்கணப்படி 'அவர்' என்றே சொல்லலாம் என்றும், பெயருக்கு 'வாழைமகன்', 'படியர்', 'மறுவுருவர்' என மூன்று சொற்கள் ஆராய்ந்து வைத்திருப்பதாகவும், எது தக்கது என்பதை ஒரு குழு அமைத்து முடிவு செய்யலாம் என்றும் குமாஸ்தாவுக்குரிய முறையில் விளக்கினேன்.

அவள் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "அவரு பொறந்து வளர்ந்த பிறகு, உங்க பேரு என்னன்னு அவரையே கேட்டா போதாதாப்பா?" என்றாள்.

இரட்டைமலையாரும் பண்டிதரும் ராஜாவும் அம்பேத்கரும் தம் வாழ்நாளெல்லாம் கேட்டது இதைத்தான் என்று எனக்கு அப்பொழுது தோன்றிற்று. கோப்பில் இறுதிக் குறிப்பாக அதனையே எழுதி மூடிவிட்டேன்.